போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் ஓர் இரவு டிஸ்க் ஒரு நொடி தடுமாறியது. லாகில் ‘பேனிக்: குட் நாட் எஃப்சிங்க் ஃபைல்’ என்று ஒரு வரி விழுந்தது. (எஃப்சிங்க் என்பது, ஃபைலில் எழுதியதை டிஸ்கில் சேர்த்துவிடு என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்கும் அழைப்பு. பேனிக் என்றால் டேட்டாபேஸ் தன்னையே உடனே நிறுத்திக்கொள்ளும் பிழை.) டேட்டாபேஸ் மொத்தமும் இறங்கி, ரெக்கவரி ஓடி, மறுபடி எழுந்தது. ஒரு நொடித் தடுமாற்றத்துக்காக எல்லா கனெக்ஷனையும் அறுப்பது அநியாயம் என்று உங்கள் குழுவில் ஒருவர் சோர்ஸ் கோடைத் திருத்தி, எஃப்சிங்க் தோற்றால் மூன்று முறை மறுபடி முயலும்படி செய்திருக்கிறார். டெஸ்டில் இரண்டாவது முயற்சியிலேயே வெற்றி. இதை புரொடக்ஷனில் போடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி, இரண்டாவது எஃப்சிங்க் ‘சரி’ என்று சொன்னால் டேட்டா டிஸ்கில் இருக்கிறது என்று நம்பலாமா என்பதுதான். லினக்ஸில் நம்பக் கூடாது. அந்த பேட்சை, அதாவது கோடில் செய்த திருத்தத்தை, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் செய்தது முட்டாள்தனம் இல்லை. போஸ்ட்கிரெஸை எழுதியவர்களே 2018 வரை ஏறக்குறைய அதே நம்பிக்கையில்தான் இருந்தார்கள்.

நான் பதினைந்து வருடமாக டேட்டாபேஸ் நிர்வாகத்தில் இருக்கிறேன். போஸ்ட்கிரெஸின் பஃபர் மேனேஜர் கோடை வரிவரியாகப் படித்திருக்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கோடைப் படிப்பேன், எழுதியதில்லை. கீழே கெர்னல் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கடைக் கணக்கில் சிட்டை, பேரேடு என்று இரண்டு உண்டு. வியாபாரம் நடக்க நடக்க சிட்டையில் எழுதுவார்கள். சாவகாசமாக அதைப் பேரேட்டில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரெஸில் வால் லாக், அதாவது ரைட் அஹெட் லாக், சிட்டை. டேபிள், இண்டெக்ஸ் ஃபைல்கள் பேரேடு. நீங்கள் கமிட் செய்யும்போது சிட்டை மட்டும்தான் டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாற்றப்பட்ட 8 கேபி பேஜ், போஸ்ட்கிரெஸின் சொந்த மெமரியான ஷேர்டு பஃபர்ஸில், ‘இன்னும் வெளியே எழுதவில்லை’ என்று பொருள்படும் டர்ட்டி என்ற குறியோடு உட்கார்ந்திருக்கும். பிறகு செக்பாயிண்ட் வரும், இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை. டர்ட்டி பேஜ்களை எல்லாம் எழுதி, ஃபைல்களை எஃப்சிங்க் செய்து, ‘இதுவரை பேரேட்டில் ஏற்றியாகிவிட்டது’ என்று குறித்துவிட்டு, அதற்கு முந்தைய வால் ஃபைல்களை அழிக்கும் அல்லது மறுபடி பயன்படுத்த எடுத்துக்கொள்ளும். சிட்டையைக் கிழித்துப் போடும் இடம் இதுதான். பேரேட்டில் ஏறவில்லை என்று தெரியாமல் சிட்டையைக் கிழித்தால், அந்தக் கணக்கு உலகத்தில் எங்கேயும் இல்லை.

இந்தப் பாதையில் போஸ்ட்கிரெஸின் சொந்த பஃபர் கோடு எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதப்பட்டது என்று பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று புரியும். ஒரு பஃபரை, அதாவது அந்த மெமரியில் ஒரு பேஜ் இருக்கும் இடத்தை, வெளியே எழுதும் முன், அந்த பேஜின் எல்எஸ்என் (அதைக் கடைசியாக மாற்றிய வால் பதிவின் இடத்தைக் காட்டும் எண்) வரைக்கும் வால் டிஸ்குக்குப் போய்விட்டதா என்று பார்த்து, போகவில்லை என்றால் முதலில் அதைத் தள்ளும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வேறொருவர் அந்தப் பேஜைத் தொட்டுவிடலாம் என்பதால், டர்ட்டி குறியோடு ‘ஜஸ்ட் டர்ட்டீட்’ என்று இன்னொரு குறியும் உண்டு. எழுதத் தொடங்கும்போது அது அணைக்கப்படும்; எழுதி முடிக்கும்போது அது மறுபடி எரிந்திருந்தால் டர்ட்டி குறி அப்படியே விடப்படும். ரைட் அழைப்பு தோற்றாலும் டர்ட்டி குறி போகாது, பஃபர் அங்கேயே இருக்கும், அடுத்த தடவை மறுபடி எழுதப்படும். தோற்றால் மறுபடி முயல் என்ற உங்கள் நண்பரின் எண்ணம் இந்த அடுக்கில் நூறு சதம் சரி. ஏனென்றால் பிரதி கையில் இருக்கிறது.

ஆனால் ரைட் வெற்றி பெற்றது என்றால் பேஜ், கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷுக்குப் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள். டிஸ்குக்குப் போனது என்று இல்லை. போஸ்ட்கிரெஸ் அந்த நொடியிலேயே தன் டர்ட்டி குறியை எடுத்துவிடும். அதன் பிறகு இடம் தேவைப்பட்டால் அந்த பஃபரைக் காலி செய்து வேறு பேஜுக்குக் கொடுத்துவிடும். இப்போது புதிய பிரதி கெர்னலிடம் இருக்கிறது. எஃப்சிங்க் அதை டிஸ்கில் சேர்க்கும், முடியவில்லை என்றால் சொல்லும், சொன்ன பிறகும் பிரதியை வைத்திருக்கும் என்பது போஸ்ட்கிரெஸின் நம்பிக்கை. கடைசிப் பகுதிதான் பொய்த்துப்போனது. லினக்ஸ் டிஸ்குக்கு எழுதப் பார்த்துத் தோற்றால், அந்தப் பேஜை கிளீன் என்று குறித்துவிட்டு, ‘இந்த ஃபைலில் ஒரு பிழை நடந்தது’ என்று மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். எஃப்சிங்க் கேட்கும்போது அந்தப் பிழையை ஒரு முறை சொல்லும். சொன்னதோடு அதன் கடமை முடிந்தது. அடுத்த எஃப்சிங்க் வந்து பார்க்கும்போது டர்ட்டி பேஜ் எதுவும் இல்லை, பிழையும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆகவே ‘சரி’.

கெர்னல்காரர்கள் பொறுப்பில்லாமல் இப்படிச் செய்யவில்லை. பென் டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அதைப் பிடுங்கிவிடுகிறார் என்று வையுங்கள். அந்தப் பேஜ்கள் இனி எழுதப்படப் போவதே இல்லை. டர்ட்டி என்றே வைத்திருந்தால் மெமரி நிரம்பி மெஷினே நின்றுபோகும். அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது.

இதைக் கண்ணால் பார்க்காமல் நம்பக் கடினமாக இருந்தது, அதனால் ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்து பார்த்தேன். லூப் டிவைஸ் (ஒரு ஃபைலையே டிஸ்க் போலக் காட்டுவது) ஒன்றின் மேல், வேண்டிய இடத்தில் எரர் தர வைக்கும் டிஎம்செட்டப் கருவியை வைத்து ஒரு ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம், அதில் ஒரு டேபிள்ஸ்பேஸ், அதற்குள் சின்ன டேபிள். அந்த டேபிளின் ஃபைல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஃபைல்ஃபிராக் கட்டளையால் பார்த்து, அந்த செக்டர்களை மட்டும் எரர் தரும்படி மாற்றினேன். மொத்த டிஸ்கையும் எரர் ஆக்கினால் ஃபைல்சிஸ்டமே ரீட் ஒன்லி ஆகிவிடும், அசல் பிரச்சினை தெரியாது. போஸ்ட்கிரெஸ் 11.1, அதாவது பேனிக் ஆகும் திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. ஒரு வரியை அப்டேட் செய்து கமிட் செய்தேன். செக்பாயிண்ட் கட்டளை கொடுத்தேன்: தோற்றது, பிழை வந்தது. டிஸ்கைச் சரி செய்யாமலேயே இன்னொரு முறை செக்பாயிண்ட் கொடுத்தேன். வெற்றி. டிஸ்க் இன்னும் எரர் தந்துகொண்டிருக்கிறது, செக்பாயிண்ட் வெற்றி என்கிறது.

அடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கியது. செலக்ட் செய்தால் புதிய மதிப்பு வந்தது, ஏனென்றால் ஷேர்டு பஃபர்ஸில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தேன். அப்போதும் புதிய மதிப்பு, ஏனென்றால் பேஜ் கேஷில் அது கிளீன் என்ற குறியோடு உட்கார்ந்திருக்கிறது. டிஸ்கைப் பழையபடி சரி செய்து, கேஷ் காலியாகும்படி ஃபைல்சிஸ்டத்தைக் கழற்றி மாட்டிய பிறகுதான் பழைய மதிப்பு வெளியே வந்தது. கமிட் ஆன அப்டேட் போய்விட்டது. லாகில் புதிதாக ஒரு வரிகூட இல்லை. உங்கள் டெஸ்டில் ‘இரண்டாவது முயற்சியில் வெற்றி’ என்று நீங்கள் பார்த்ததும் இதுவேதான். நீங்கள் எஃப்சிங்கின் விடையைச் சோதித்திருக்கிறீர்கள். டிஸ்கில் இருப்பதைச் சோதிக்கவில்லை. கேஷைக் காலி செய்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள்.

இது வெளிச்சத்துக்கு வந்தது 2018 மார்ச்சில். கிரெய்க் ரிங்கர் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், ஒரு ஸ்டோரேஜ் கோளாறுக்குப் பிறகு நேர்ந்த டேட்டா சிதைவைத் துருவிப் பார்த்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். போஸ்ட்கிரெஸ் அப்போது எஃப்சிங்க் தோற்றால் சாதாரண எரர் என்று எழுதிவிட்டு செக்பாயிண்டைக் கைவிடும். சற்று நேரத்தில் மறுபடி செக்பாயிண்ட் ஓடும், அது ஜெயிக்கும், சிட்டை கிழிக்கப்படும். கெர்னல் பக்கத்திலும் குழப்பம் இருந்தது. 4.13-க்கு முந்தைய கெர்னலில் அந்தப் பிழை ஃபைலுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்ததால், வேறொரு புராசஸ் முதலில் எஃப்சிங்க் செய்தால் அதுவே பிழையை வாங்கிக்கொள்ளும், செக்பாயிண்டை நடத்தும் செக்பாயிண்டர் புராசஸுக்கு எதுவும் தெரியாது. 2017-ல் 4.13-ல் ஜெஃப் லேட்டன் செய்த மாற்றத்தால், ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு முறை பிழை சொல்லப்பட்டது. ஆனால் பிழை நடந்த பிறகு ஃபைலைத் திறந்தவருக்கு அது தெரியாமல் போனது. போஸ்ட்கிரெஸோ ஃபைல்களைத் திறந்து மூடித் திறக்கும் வழக்கம் உடையது. யாருக்கும் இன்னும் சொல்லப்படாத பிழையை, பிறகு திறப்பவருக்கும் சொல்லும்படி மேத்யூ வில்காக்ஸ் 4.17-ல் திருத்தினார்.

சரி, போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் என்ன செய்வது? உங்களுக்குத் தோன்றுவதெல்லாம் அப்போதும் பேசப்பட்டது. எஃப்சிங்க் ஜெயிக்கும் வரை பஃபரை ஷேர்டு பஃபர்ஸிலேயே பிடித்து வைக்கலாம் என்றால், ஒரு செக்பாயிண்டிலிருந்து அடுத்தது வரை எழுதிய ஒவ்வொரு பேஜையும் மெமரியில் வைத்திருக்க வேண்டும். ஷேர்டு பஃபர்ஸின் இயல்பான அளவு 128 எம்பி. பிஸியான சர்வரில் அது சில நொடிகளில் நிரம்பும். கெர்னலின் கேஷையே தவிர்த்து டைரக்ட் ஐஓவுக்குப் போகலாம் என்றால், அது பல வருட வேலை. 16-ஆம் பதிப்பில்தான் அதற்கு ஒரு டெவலப்பர் செட்டிங்காவது வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்புகளுக்கு அதைக் கொண்டுபோகவே முடியாது.

மீதி இருந்தது ஒரே கேள்வி: எஃப்சிங்க் தோற்ற அந்த நொடியில், நல்ல பிரதி யாரிடம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்? ஷேர்டு பஃபர்ஸில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கெர்னலிடம் இருக்கிறதா என்று உறுதி செய்ய வழியில்லை, டிஸ்கில் இருப்பதோ பழையது. வால் லாகில் மட்டும் நிச்சயமாக இருக்கிறது, ஏனென்றால் செக்பாயிண்ட் இன்னும் முடியவில்லை, சிட்டை இன்னும் கிழிபடவில்லை. வாலிலிருந்து பேஜ்களை மறுபடி எழுதும் வழி போஸ்ட்கிரெஸில் ஒன்றே ஒன்றுதான், அது கிராஷ் ரெக்கவரி. எனவே உடனே பேனிக் ஆகு, அடுத்த செக்பாயிண்ட் நடக்கவே விடாதே, கடைசியாக ஒழுங்காக முடிந்த செக்பாயிண்டிலிருந்து சிட்டையை மறுபடி பேரேட்டில் ஏற்று. நீங்கள் அநியாயம் என்று நினைத்த அந்தக் கிராஷ், மிச்சமிருக்கும் ஒரே நல்ல பிரதிக்குப் போகும் பாதை. வால் ஃபைலையே எஃப்சிங்க் செய்ய முடியாவிட்டால் போஸ்ட்கிரெஸ் முன்பிருந்தே பேனிக் ஆகிவந்தது. இந்தத் திருத்தம் அதே விதியை டேபிள், இண்டெக்ஸ் ஃபைல்களுக்கும் கொண்டுவந்தது. டெம்பரரி ஃபைல்களுக்கு மட்டும் விலக்கு.

ரிங்கர் எழுதி தாமஸ் மன்றோ சீர்செய்த அந்த பேட்ச் 2018 நவம்பரில் உள்ளே போனது. 2019 பிப்ரவரியில் 11.2, 10.7, 9.6.12, 9.5.16, 9.4.21 ஆகிய பதிப்புகளில் வெளியானது. அதன் இதயம் ஒரு வரிதான்: ‘டேட்டா_சிங்க்_ரீட்ரை’ என்ற செட்டிங் ஆன் என்றால் பழையபடி எரர், ஆஃப் என்றால் பேனிக். இயல்பாக ஆஃப். உங்கள் நண்பர் கை வைத்தது இந்த இடத்தைச் சுற்றித்தான். ரீட்ரைதான் வேண்டும் என்றால் கோடைத் தொடவே தேவையில்லை, செட்டிங் இருக்கிறது. ஆனால் அது தோல்விக்குப் பிறகும் பேஜை டர்ட்டி என்றே வைத்திருக்கும் ஃப்ரீபிஎஸ்டி போன்ற சிஸ்டங்களுக்காக வைக்கப்பட்டது. லினக்ஸில் அதை ஆன் செய்யாதீர்கள்.

திருத்தம் ஒரே வீச்சில் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே சமயத்தில் வெளிப்பட்ட இன்னொரு பிழை, எஃப்சிங்க் தோற்றால் ‘இந்த ஃபைலை எஃப்சிங்க் செய்ய வேண்டும்’ என்ற கோரிக்கையையே போஸ்ட்கிரெஸ் மறந்துவிட்டது. அதாவது கெர்னல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும் ரீட்ரை சரியாக நடந்திருக்காது. அதுவும் சேர்த்துத் திருத்தப்பட்டது. பேனிக் வந்த பிறகு, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில், ஃபைலின் ஒரு பகுதியை டிஸ்குக்குத் தள்ளும் சிங்க் ஃபைல் ரேஞ்ச் என்ற அழைப்பே அங்கு இல்லாததால் வந்த எரருக்கெல்லாம் டேட்டாபேஸ் பேனிக் ஆனது. ‘வசதி இல்லை’ என்பதையும் ‘எழுத முடியவில்லை’ என்பதையும் பிரித்துப் பார்க்கும்படி 2019 மே மாதம் 11.3-ல் தளர்த்தினார்கள். ஒரு சின்ன இடைவெளி தெரிந்தே விடப்பட்டது: ஃபைலை மூடிய பிறகு பிழை நடந்து, மறுபடி திறப்பதற்குள் மெமரி நெருக்கடியில் கெர்னல் அந்த ஐநோடையே (ஃபைலைப் பற்றி மெமரியில் வைத்திருக்கும் குறிப்பையே) வெளியேற்றிவிட்டால், பிழை யாருக்கும் சொல்லப்படாமல் போகும். அரிது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. 2016-ல் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்டோரேஜில் இடம் தீர்ந்துபோய், சில நிமிடங்கள் எழுத முடியாமல், பிறகு சரியானது. நான்கு நாள் கழித்து ஒரு பில் டேபிளில் இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் ஒரு கணக்கு, முழு டேபிளையும் வருடினால் வேறு கணக்கு. மெமரி சிப் மேல் பழி போட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டோம். 2018-ல் இந்தப் பிரச்சினை வெளிவந்ததும் எடுத்துவைத்திருந்த லாகைத் திறந்து பார்த்தேன். எஃப்சிங்க் எரர் ஒன்று, அதற்குச் சில வரிகள் கீழே ‘செக்பாயிண்ட் கம்ப்ளீட்’. அந்த வரியை நான் அன்றைக்கே படித்திருக்கிறேன், படித்து நிம்மதி அடைந்திருக்கிறேன். காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, அந்த டிஸ்குகள் அதற்குள் போய்விட்டன. வரிசை பொருந்துகிறது, அவ்வளவுதான் சொல்லலாம்.

உங்கள் சர்வருக்கு வருவோம். அந்த இரவு பேனிக் ஆகி ரெக்கவரி ஓடியது நல்ல செய்தி. ஃபுல் பேஜ் ரைட்ஸ் என்ற செட்டிங் ஆனில் இருந்தால் ரெக்கவரியை நம்பலாம். இயல்பாக ஆன்தான், யாராவது வேகத்துக்காக ஆஃப் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ரெக்கவரி பேஜைப் படிக்கும்போது பேஜ் கேஷில் இருக்கும் அந்தக் கிளீன் வேஷம் போட்ட பிரதி கிடைக்கலாம். அதன் எல்எஸ்என் புதியதாக இருப்பதால் ‘இதில் ஏற்கெனவே ஏறிவிட்டது’ என்று தாண்டிப் போகும் ஆபத்து உண்டு. ஃபுல் பேஜ் ரைட்ஸ் இருந்தால் செக்பாயிண்டுக்குப் பிறகு அந்தப் பேஜின் முதல் மாற்றத்தோடு முழு பேஜும் வாலில் இருக்கும். ரெக்கவரி எல்எஸ்என் பார்க்காமல் அதை அப்படியே வைத்து டர்ட்டி ஆக்கிவிடும், மறுபடி டிஸ்குக்குப் போகும்.

கவலைப்பட வேண்டியது, உங்கள் நண்பரின் பேட்ச் ஏதாவது ஒரு சர்வரில் ஏற்கெனவே ஓடியிருந்தால் அதைப் பற்றித்தான். பேஜ் சிதைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் செக்சம் ஆன் செய்திருக்கிறோம் என்று நினைத்து நிம்மதி அடையாதீர்கள். தொலைந்துபோன எழுத்தைச் செக்சம் பிடிக்காது, ஏனென்றால் டிஸ்கில் இருக்கும் பழைய பேஜின் செக்சம் பழைய பேஜுக்குச் சரியாகவே இருக்கும். இண்டெக்ஸையும் டேபிளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிஜி_ஆம்செக் ஓரளவு உதவும், 14-லிருந்து கூடவே வருகிறது. ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு விருப்பத்தோடு ஓட்டுங்கள். அது எதையும் காட்டவில்லை என்றால் டேட்டா முழுமையாக இருக்கிறது என்று பொருள் இல்லை. டேபிள் பேஜும் இண்டெக்ஸ் பேஜும் சேர்ந்தே பழையதாகப் போயிருந்தால் அதற்குத் தெரியாது. ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர், இருந்தால் அது வாலிலிருந்து தன் டிஸ்கில் தனியாக எழுதியது, எனவே முக்கியமான டேபிள்களை அதோடு ஒப்பிடுவது இன்னும் நல்ல சோதனை. ஒப்பிடும் முன் பிரைமரி சர்வரை ஒரு முறை ரீபூட் செய்யுங்கள், இல்லாவிட்டால் கேஷில் இருக்கும் பிரதியைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிவிடுவீர்கள்.

அப்புறம் டிஎம்ஈஎஸ்ஜி, கெர்னலின் லாகைக் காட்டும் கட்டளை. பேனிக் விழுந்த நேரத்துக்கு முன்பின் இரண்டு நிமிடத்தில் கெர்னல் என்ன எழுதியிருக்கிறது, எந்த டிவைஸ், எந்த செக்டர் என்று பாருங்கள். ஒரே செக்டர் திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்கை மாற்றுங்கள். பாத் மாறியதாக மல்டிபாத் (ஸ்டோரேஜுக்குப் பல பாதைகள் வைக்கும் ஏற்பாடு) வரிகள் இருந்தால், எல்லா பாதையும் போனால் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதா, உடனே எரர் தரச் சொல்லியிருக்கிறதா என்று ‘நோ_பாத்_ரீட்ரை’ மதிப்பை ஸ்டோரேஜ்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் நண்பர் கேட்ட ரீட்ரைக்கு உரிய இடம் அதுதான், ஏனென்றால் அந்த அடுக்கில் எழுத வேண்டிய பேஜ் இன்னும் தோற்றதாகக் கைவிடப்படாமல், கெர்னலின் கையிலேயே இருக்கிறது. அந்த மதிப்பையும் டிஎம்ஈஎஸ்ஜி வரிகளையும் இங்கே போட்டால் மேற்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.